பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடைப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா, அமெரிக்கா, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளில் பல உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு உண்மையான பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். "பாடத்துக்காக ஏதோ தொண்டு நிறுவனத்துக்குப் போன் பண்ணணுமாம், ஐயாயிரம் டாலராம், என்ன சமாச்சாரம் இது?" என்று கேட்கும் பெற்றோருக்காகவும், தங்கள் பள்ளியில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்தப் பக்கம்.

இது உண்டியல் குலுக்கிக் காசு சேர்ப்பது மாதிரிதானே?

அதற்கு நேர்மாறு. உண்டியல் குலுக்கும் பிள்ளையின் வேலை காசு சேர்ந்ததும் முடிந்துவிடும். அது எங்கே போகவேண்டும் என்பதைப் பள்ளி நிர்வாகம் தீர்மானித்து, படம் எடுத்து, காசோலையைக் கொடுத்துவிடும். இங்கே பணம் முதல் நாளே தயாராக இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, ஏன், யாருக்கு இல்லை என்று சொல்வது என்பதெல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு. பாடம் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

யார் தொடங்கியது?

பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். சோளச் செதில் டப்பாவில் பார்க்கிற அதே கெலாக் பெயர்தான் இந்தக் கதையிலும் வருகிறது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய வில் கீத் கெலாக் 1930-ல் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். அந்த அறக்கட்டளை 1988-ல் மிச்சிகன் அறக்கட்டளைகள் கூட்டமைப்போடு சேர்ந்து ஒரு சவால் விட்டது.

சவாலைப் புரிந்துகொள்ள, சமூக அறக்கட்டளை என்றால் என்ன என்று தெரியவேண்டும். ஓர் ஊரில் பலர் கொடுக்கும் பணத்தை ஒரே இடத்தில் முதலாகப் போட்டு, அதன் வருமானத்தை அந்த ஊருக்கே ஆண்டாண்டாகச் செலவிடும் அமைப்பு அது. 1914-ல் கிளீவ்லாந்தில் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கியது முதலாவது. மிச்சிகனின் ஊர்களில் இருந்த இப்படிப்பட்ட அறக்கட்டளைகளிடம் கெலாக் சொன்னது இதுதான்: நீங்கள் உள்ளூரில் 2 டாலர் திரட்டினால் நாங்கள் 1 டாலர் தருகிறோம், ஓர் ஊருக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும். ஆனால் எங்கள் பங்கை இளையோருக்கான நிரந்தர நிதியாக வைக்கவேண்டும். அதன் வருமானத்தை எப்படிக் கொடுப்பது என்பதை இளையோர் குழுவே சொல்லவேண்டும்.

பெரியவர்களுக்குப் பெரிய தொகை வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு மேசையில் இடம் கொடுத்தாக வேண்டும். கெட்டிக்காரத்தனமான நிபந்தனை என்று எனக்கு எப்போதும் தோன்றும். அப்படிப் பிறந்தவைதான் இளையோர் ஆலோசனைக் குழுக்கள். 12 முதல் 21 வயது வரையிலானவர்கள் உறுப்பினர்கள். மாநிலம் முழுக்க எண்பதுக்கு மேற்பட்ட குழுக்களாக அது பரவியது. பின்னர் 16, 17 வயதினர் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவிலேயே உட்காரலாம் என்று மிச்சிகன் சட்டமே திருத்தப்பட்டது.

ஒவ்வொரு ஆண்டும் பணம் எங்கிருந்து வருகிறது?

மிச்சிகன் முறையில் முதலைத் தொடுவதில்லை. நிதியில் 10 லட்சம் டாலர் இருந்து, ஆண்டுக்கு 4 அல்லது 5 விழுக்காடு எடுத்தால் 40,000 முதல் 50,000 டாலர் வரை கிடைக்கும். சிறிய ஊர்களில் இது சில ஆயிரங்களாக இருக்கும். பங்குச் சந்தை விழும் ஆண்டுகளில் தொகை குறையலாம். அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்தான்: கோவில் நிலத்தில் விளைச்சல் குறைந்தால் திருவிழாச் செலவைக் குறைப்பதுபோல, கேட்பவர்கள் கூடும் ஆண்டிலேயே கொடுப்பதற்கான தொகை சுருங்கிப்போவதை அவர்கள் நேரில் பார்க்கிறார்கள்.

மற்ற முறைகளில் ஒரு அறக்கட்டளையோ தனி நபரோ ஆண்டுதோறும் பணம் தருகிறார்கள்.

என் பிள்ளை டொராண்டோவில் படிக்கிறாள். அவள் சொல்வது இதுதானா?

பெரும்பாலும் அது ஒய்.பி.ஐ. (யூத் அண்ட் ஃபிலான்த்ரோபி இனிஷியேட்டிவ்) என்று சொல்லப்படும் திட்டமாக இருக்கும். டொஸ்கன் காசாலே அறக்கட்டளை 2002-ல் டொராண்டோவில் தொடங்கியது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் இந்தப் பெயரைப் பிள்ளைகள் வாயால்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

நடைமுறை மிச்சிகனிலிருந்து வேறுபட்டது. அங்கே விருப்பப்பட்டுச் சேரும் சிலர்தான் குழு. இங்கே வகுப்பு முழுவதும் பங்கெடுக்கிறது. பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார்கள்: வீடற்றோர், மனநலம், முதியோர் தனிமை, உணவுத் தட்டுப்பாடு. அந்தப் பிரச்சினைக்காக உழைக்கும் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தேடி, அங்குள்ளவர்களைச் சந்தித்துப் பேசி, வகுப்பின் முன்னால் அந்த நிறுவனத்துக்காக வாதாடுகிறார்கள். வகுப்புகளில் முன்னுக்கு வந்தவர்கள் பள்ளியின் இறுதிச் சுற்றில் மோதுகிறார்கள். வெல்லும் குழு சொன்ன நிறுவனத்துக்கு 5,000 கனடிய டாலர் போகிறது.

ஸ்காட்லாந்தில் இதே திட்டத்தை வுட் அறக்கட்டளை நடத்துகிறது; அங்கே தொகை 3,000 பவுண்ட். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ரோஜர் கிரைன் 2008-ல் தொடங்கிய மேக்னிஃபைட் கிவிங், பள்ளிக் குழுக்களுக்கு 1,000 டாலர் கொடுத்துத் தொடங்கிவைக்கிறது.

மிச்சிகன் குழு முறை, டொராண்டோ வகுப்பறை முறை: இரண்டில் எது நல்லது?

எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்வது வகுப்பறை முறை. கூச்சப்படும் பிள்ளை, வீட்டில் வசதி இல்லாத பிள்ளை, "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்கிற பிள்ளை எல்லோரும் அதில் வந்துவிடுகிறார்கள். ஆனால் போட்டி என்பதால் ஒரு கோளாறு உண்டு. ஒவ்வொரு குழுவும் தன் நிறுவனத்தின் வக்கீலாகிவிடுகிறது. எதிர்த் தரப்பின் நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. பின்னணி இசை, கண்ணீர் வரவழைக்கும் வீடியோ, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குழு முறையில் எல்லா விண்ணப்பமும் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரே பணம், பல நியாயங்கள். ஆழமாகக் கற்பது அங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் அங்கே வந்து சேர்பவர்கள் ஏற்கனவே நன்றாகப் படிக்கிற, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத ஏதாவது தேடுகிற பிள்ளைகளாகவே போய்விடும் ஆபத்து இருக்கிறது. உதவி தேவைப்படும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைகூட இல்லாத குழு, உதவி தேவைப்படுபவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அபத்தம். குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதல் நாளே யோசிக்கவேண்டும்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது?

மிச்சிகன் வழியைச் சொல்கிறேன். அது ஒரு பள்ளி ஆண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

முதலில் கேட்டறிவது. ஊரில் உள்ள இளையோரிடம் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்கு எது பெரிய பிரச்சினை என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் போதைப் பொருள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளின் தாளில் தூக்கமின்மையோ, பள்ளி முடிந்தபின் வீட்டுக்குப் போக பஸ் இல்லை என்பதோ வரலாம். இந்தக் கணக்கெடுப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்.

பிறகு, இந்த ஆண்டு எதற்குக் கொடுப்போம் என்று அறிவிப்பு. விண்ணப்பங்கள் வருகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை: 500 டாலர் கொடுக்க 10 பக்க விண்ணப்பம் கேட்கக்கூடாது. இரண்டே ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதை எழுதவேண்டியிருக்கும். அந்த நாள் யாருக்கோ கிடைத்திருக்கவேண்டிய சேவை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே கேள்விகளைப் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

விண்ணப்பங்களை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவார்கள். 5-க்கு எத்தனை என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 4 போடுகிற தயாள குணம் 15 வயதில் நிறைய இருக்கும். அதனால் மதிப்பெண்ணோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது: "இதற்குக் கொடுத்தால் எதைக் கைவிடுவாய்?"

வைத்துக்கொள்வோம், கையில் 8,000 டாலர். குளிர்கால மேலங்கி கொடுக்க ஒருவர் 4,000 கேட்கிறார். பிள்ளைகளுக்கான மனநல உதவித் தொலைபேசிக்கு ஆள் பயிற்றுவிக்க இன்னொருவர் 7,000. காலி மனையில் காய்கறித் தோட்டம் போட மூன்றாமவர் 3,500. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு குரல் கட்டாயம் எழும். மேலங்கி என்றால் பாதிப் பணத்தில் பாதி மேலங்கி வாங்கலாம், சரி. ஆனால் 7,000 கேட்ட பயிற்சிக்கு 2,000 கொடுத்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பயிற்சியும் நடக்காது, பணமும் போய்விடும். எந்த வேலையைத் துண்டு போடலாம், எதைப் போட முடியாது என்று பேசும்போது பட்ஜெட் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வேறு பாடங்களில் இந்த வயதில் இதைச் சொல்லிக்கொடுப்பது அரிது.

அடுத்து நேரில் போய்ப் பார்ப்பது, இறுதிக் கூட்டம், கடிதங்கள், ஆண்டு முடிவில் அறிக்கை.

நேரில் போகும்போது பிள்ளைகள் என்ன கேட்கவேண்டும்?

"உங்கள் நோக்கம் என்ன?" என்பது வேண்டாம், அது அவர்கள் வலைத்தளத்திலேயே இருக்கும். எங்கள் பணம் வராவிட்டால் இந்த வேலை நடக்குமா, நடக்காதா? போன ஆண்டு எது சரியாக வரவில்லை? உங்களிடம் ஒருமுறை வந்தவர்கள் திரும்ப வராமல் போனால் அதற்குக் காரணம் என்ன? இந்த மூன்றும் போதும். இரண்டாவது கேள்விக்கு "எல்லாமே நன்றாகத்தான் போனது" என்று பதில் வந்தால் கொஞ்சம் உஷாராக இருக்கச் சொல்வேன்.

நடத்தை பற்றியும் பேசிவைக்கவேண்டும். கையில் பணம் உள்ளவர் வருகிறார் என்றால் 60 வயது இயக்குநரும் 16 வயதுப் பையன் முன்னால் பணிந்துதான் பேசுவார். அந்தப் பணிவைத் தனக்கான மரியாதை என்று பையன் எடுத்துக்கொள்ளக்கூடாது. உணவு வாங்க வரிசையில் நிற்பவர்களைப் போட்டோ எடுப்பது அறவே கூடாது. அந்த வரிசையில் தன் வகுப்புத் தோழியே நிற்கலாம்.

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனத்துக்குக் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பெற்றோர் அதிகம் கேட்பது இது. பிள்ளைகளும் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் எண் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வருமான வரித்துறைக்குத் தரும் படிவம் 990-ல் சேவை, நிர்வாகம், நிதி திரட்டல் என்று செலவு மூன்றாகப் பிரிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கனடாவில் டி3010 படிவம் அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் அந்த ஒரு விழுக்காட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று 2013-ல் வெளிப்படையாகக் கடிதம் எழுதியவர்கள் யார் தெரியுமா? தொண்டு நிறுவனங்களைத் தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகள். காரணம் எளிது. நல்ல கணக்கர் இல்லாத, ஊழியருக்குப் பயிற்சி கொடுக்காத, பழைய கம்ப்யூட்டரில் ஓடும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அதனால் சேவை நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது. மனநல ஆலோசனை தரும் இடத்தில் செலவே சம்பளம்தான்; பொட்டலம் வாங்கி விநியோகிக்கும் இடத்தோடு அதை ஒப்பிட முடியாது.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் வீடுகளில் சொல்வோம். பாத்திரத்தை அறிய ஒரு சதவீதக் கணக்கு போதாது. படிவத்தைப் படிக்கட்டும்; மூன்று ஆண்டுக் கணக்கை அருகருகே வைத்து, வரவு ஏன் திடீரென்று ஏறியது, செலவு ஏன் விழுந்தது என்று கேட்கட்டும்.

முடிவு உண்மையிலேயே பிள்ளைகளுடையதா? பெரியவர்கள் மாற்றிவிட மாட்டார்களா?

சட்டப்படி, சமூக அறக்கட்டளையின் நிர்வாகக் குழுதான் இறுதி ஒப்புதல் தரவேண்டும். இளையோர் குழு பரிந்துரைக்கிறது. நிறுவனம் முறையாகப் பதிவானதா, பணம் சட்டத்துக்கு உட்பட்ட காரியத்துக்குப் போகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பது நியாயம்.

"எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதற்காக மாற்றினால் அந்தத் திட்டம் அன்றோடு செத்தது. அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்தே கை தூக்குவார்கள். ஸ்கேட்போர்டு மைதானத்துக்குப் பணம் கொடுப்பது உங்களுக்கு வீணாகத் தெரியலாம். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர்தான் நல்ல வழிகாட்டி. கூட்டத்தில் பேச்சு ஒருவர் பக்கமே போனால், எல்லோரும் முதலில் தாளில் எழுதிவிட்டுப் பேசலாம் என்று சொல்லலாம். அதற்கு மேல் தலையிட வேண்டியதில்லை.

எங்கள் அத்தை நடத்தும் நிறுவனம் விண்ணப்பித்தால்?

அந்தப் பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அறையை விட்டு வெளியே போகவேண்டும். மதிப்பெண்ணும் போடக்கூடாது. தான் தன்னார்வலராக வேலை செய்த இடத்துக்கும் இதே விதி.

மறுப்புச் சொல்வது பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்காதா?

இருக்கும். இருக்கவேண்டும். ஆசிரியர்கள் பலர் கருணையினால் இந்த வேலையைத் தாங்களே வாங்கிக்கொண்டு, ஒரே மாதிரி இமெயிலை எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்.

பணம் கொடுப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. மேடை, கைதட்டல், அட்டையில் எழுதிய பெரிய காசோலை எல்லாம் உண்டு. நல்ல காரியம் என்று தெரிந்தும் இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் பிள்ளை தன் காரணத்தைத் திரும்பிப் பார்க்கிறது. "விண்ணப்பங்கள் அதிகம் வந்தன, வருந்துகிறோம்" என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்கள் திட்டம் நல்லதாகத் தெரிந்தது. பஸ் வாடகைக்கு எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை. இந்த ஆண்டு 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தோம்" என்று எழுதினால் அவர் அடுத்த ஆண்டு வேறு மாதிரி எழுதுவார். அப்படி ஒரு பத்தி எழுத முடியாமல் குழு திணறினால், முடிவே சரியான காரணத்தோடு எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். திரும்பப் பேசவேண்டியதுதான்.

இன்னொன்றும் அப்போது வெளியே வரும். நாய்க்குட்டிக்கும் சின்னக் குழந்தைக்கும் கை தூக்குவது எளிது. சிறையிலிருந்து திரும்பியவருக்கு வேலை தேடித் தரும் நிறுவனத்துக்கு எழுதும் மறுப்புக் கடிதத்தில் காரணம் தேடும்போது, "பாவமாகத் தோன்றவில்லை" என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காமல் போகலாம். அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால், ஆசிரியர் ஒரு பருவம் முழுக்கப் பேசினாலும் வராத தெளிவு வரும்.

யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கலாமா? இங்குள்ள கோவிலுக்கு?

இந்தத் திட்டங்களில் ஊருக்கு அனுப்ப முடியாது. பள்ளி இருக்கும் பகுதியில் வேலை செய்யும், அந்த நாட்டில் பதிவான தொண்டு நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதே விதி. பிள்ளைகளின் ஆசை புரிகிறது. அம்மா படித்த பள்ளிக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, ஆண்டு முடிவில் திரும்பவும் போய்ப் பார்ப்பதுதான் பாடத்தின் உயிர். அது வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் முடியும். ஊருக்கான உதவியைக் குடும்பமாகத் தனியே செய்யுங்கள். அதே மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

கோவில்கள் பலவும் பதிவான தொண்டு நிறுவனங்கள்தான். ஆனால் இந்தத் திட்டங்கள் வழிபாட்டுக்கு அல்லாமல் சமூக சேவைக்கே பணம் கொடுக்கின்றன. கோவிலே எல்லோருக்குமான உணவு வங்கி நடத்தினால், உங்கள் பள்ளியின் விதி அதை ஏற்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. சிறிதாகத் தொடங்க எவ்வளவு வேண்டும்?

500 டாலர் இருந்தாலும் நடத்தலாம். ஒரு சிறு நிறுவனத்துக்கு அது ஒரு மாதப் பஸ் டிக்கெட் செலவாக இருக்கும். பழைய மாணவர் சங்கம், உள்ளூர்க் கடைக்காரர், கடன் கூட்டுறவுச் சங்கம் என்று யாரிடமாவது கேட்கலாம். கற்பனைப் பணத்தில் பயிற்சி நடத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தப்பு செய்தாலும் யாருக்கும் நட்டமில்லை என்று தெரிந்த நிமிடத்திலேயே விளையாட்டாகிவிடும்.

கொடுத்த பிறகு பணம் சரியாகச் செலவானதா என்று யார் பார்ப்பது?

நிறுவனம் ஆண்டு முடிவில் ஒரு அறிக்கை தருகிறது. சிக்கல் என்னவென்றால், அது வருவதற்குள் முடிவெடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளியை முடித்துப் போயிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு கொடைக்கும் "எதை எதிர்பார்த்துக் கொடுத்தோம்" என்று ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த குழுவின் முதல் கூட்டத்தில் அந்தப் பக்கத்தையும் அறிக்கையையும் சேர்த்துப் படிக்கலாம். எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று ஒரு நிறுவனம் நேர்மையாக எழுதியிருந்தால், அதற்காக அவர்களைத் தண்டிக்காமல் இருக்கவும் பழகவேண்டும்.

ஒன்டாரியோவில் டிப்ளமோவுக்குத் தேவையான 40 மணி நேரச் சமூகப் பணியில் இதைச் சேர்க்கலாமா?

பாடத்தின் பகுதியாக, மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வேலை சேராது. பாடம் முடிந்தபின் அதே நிறுவனத்துக்குத் தானாகப் போய் வேலை செய்தால் அந்த நேரத்தைச் சேர்க்கலாம். படிவத்தில் நிறுவனத்தின் கையெழுத்து வாங்க மறக்கவேண்டாம்.